அதிகாரம் இல்லாத அலுவலகம்: அமெரிக்காவின் மண்வளப் பாதுகாப்பு வட்டாரங்கள்

அமெரிக்க நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தனியார் கையில் இருக்கிறது. அந்த நிலத்தில் பெய்யும் மழை போகிற போக்கில் எவ்வளவு மண்ணை வாரிக்கொண்டு போகும் என்பது, நிலக்காரர் என்ன பயிர் வைக்கிறார், எப்படி உழுகிறார், ஓடைக்கரையில் மாட்டை விடுகிறாரா என்பதைப் பொறுத்தது. அது அவர் நிலம், அவர் முடிவு. ஆனால் விளைவு அவர் வேலியோடு நின்றுவிடாது. பக்கத்து வயல், கீழே இருக்கும் ஏரி, ஊர்க் குடிநீர் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இந்தச் சிக்கலைக் கையாளத்தான் அங்கே மண்வளப் பாதுகாப்பு வட்டாரங்கள் இருக்கின்றன. நாடு முழுக்க ஏறக்குறைய 3,000. பெரும்பாலும் ஒரு கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். ஒஹாயோவிலும் இந்தியானாவிலும் ‘மண், நீர்ப் பாதுகாப்பு வட்டாரம்’ என்பார்கள். கலிபோர்னியாவில் ‘வளப் பாதுகாப்பு வட்டாரம்’. நெப்ராஸ்காவில் ‘இயற்கை வள வட்டாரம்’. மாநிலச் சட்டப்படி அமைந்த உள்ளூர் அரசு அமைப்புகள் இவை.

இவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலான வட்டாரங்களுக்கு ஒரு விவசாயியைப் பார்த்து ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. கூப்பிட்டால்தான் நிலத்துக்கு வருவார்கள். அவர்கள் எழுதித் தரும் திட்டத்தை நிலக்காரர் மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடலாம், யாரும் கேட்க முடியாது. இந்த அமைப்பு வேலை செய்வதற்கும் சில இடங்களில் தோற்பதற்கும் காரணம் இந்த ஒன்றுதான் என்பது என் கருத்து. அது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு போன் கால்

ஒஹாயோவில், கொஞ்சம் மேடுபள்ளமான பகுதியில், 80 ஏக்கரில் மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றிப் போடும் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் நடுவே, இரண்டு மேடுகளின் தண்ணீர் ஒன்று சேரும் இடத்தில், ஒவ்வொரு மழைக்கும் ஒரு பள்ளம் விழுகிறது. வருடா வருடம் டிராக்டரால் மண்ணை இழுத்து மூடுகிறார். அடுத்த வசந்தத்தில் பள்ளம் திரும்ப வந்துவிடுகிறது, முன்பைவிட ஆழமாக. ஒருநாள் அலுத்துப்போய் வட்டார அலுவலகத்துக்கு போன் போடுகிறார்.

அங்கிருந்து ஒரு தொழில்நுட்பப் பணியாளர் வருவார். கட்டணம் கிடையாது. இருவரும் சேர்ந்து நிலத்தில் நடப்பார்கள். வந்தவர் முதலில் கேட்பது பள்ளத்தைப் பற்றியாக இருக்காது. என்ன பயிர், எந்த மாதம் விதைப்பு, அறுவடைக்குப் பிறகு தாளை என்ன செய்கிறீர்கள், உழுவீர்களா, விதைப்பு இயந்திரத்தின் அகலம் எவ்வளவு, சொந்த நிலமா குத்தகையா என்று கேட்டுக்கொண்டே வருவார். இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. இயந்திர அகலம் தெரியாமல் ஒரு வாய்க்காலை வடிவமைத்துக் கொடுத்தால், அதைக் கடக்கும்போதெல்லாம் விவசாயி திட்டிக்கொண்டே ஓட்டுவார். இரண்டாம் வருடம் உழுது அழித்துவிடுவார்.

மேலே மேட்டில் என்ன நடக்கிறது என்பதையும் வந்தவர் பார்ப்பார். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. மேட்டிலிருந்து படலம் படலமாகக் கழுவிப் போகும் மண் தெரிவதில்லை. ஆழமான நல்ல மண்ணுக்கு ஒரு ஏக்கரிலிருந்து வருடத்துக்கு 5 டன் வரை போவதைத் தாங்கலாம் என்று அமெரிக்க வேளாண் துறை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 5 டன் என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு ஏக்கரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வராது. அதைவிட இரண்டு மடங்கு போனாலும் வயலில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்குக்கு ஒரு சூத்திரம் உண்டு. 1950களிலும் 60களிலும் வால்டர் விஷ்மெயரும் டுவைட் ஸ்மித்தும் ஆயிரக்கணக்கான சோதனை வயல் பதிவுகளை அலசி உருவாக்கியது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே இருக்கும் பயிர் மூடாக்கு, வரப்பு மாதிரியான தடுப்புகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் வருடத்துக்கு எவ்வளவு மண் போகும் என்று ஒரு மதிப்பீடு வரும். இன்று அதன் திருத்திய வடிவம் கணினியில் ஓடுகிறது. இதில் விவசாயிக்கு உதவுவது விடையைவிட, எதில் கை வைக்கலாம் என்று தெரிவதுதான். மழையை யாரும் மாற்ற முடியாது. மண் வகையும் அப்படியே. சரிவை வரப்புப் போட்டுக் கொஞ்சம் சுருக்கலாம், செலவு ஆகும். மூடாக்கு மட்டும் முழுக்க அவர் கையில் இருக்கிறது. அறுவடைத் தாளை உழுது புதைக்காமல் விட்டாலே, குளிர்காலத்தில் மண்ணை மூடிவைப்பதற்காகவே வளர்க்கும் ஒரு மூடுபயிர் விதைத்தாலே, கணக்கில் வரும் எண் சரசரவென்று இறங்கும்.

ஆக, நம் விவசாயிக்குக் கிடைக்கும் யோசனை இரண்டு பகுதியாக இருக்கும். பள்ளம் விழும் இடத்தில் அகலமான, ஆழம் குறைந்த ஒரு வாய்க்காலை வடிவமைத்து, அதில் புல் வளர்ப்பது. தண்ணீர் புல்லின் மேல் பரவி ஓடும், மண்ணை அறுக்காது. மேட்டில் உழவைக் குறைத்து மூடுபயிர் போடுவது. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் மேட்டு மண் இறங்கிப் புல் வாய்க்காலையே மூடிவிடும். பல விவசாயிகளுக்கு முதல் பாதிதான் பிடிக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதற்குப் பணமும் வரும்.

பணம் எங்கிருந்து வருகிறது

இங்கே புதியவர்கள் குழம்புவார்கள். வட்டார அலுவலகம் இருக்கும் அதே கட்டடத்தில் பல ஊர்களில் இன்னும் இரண்டு அலுவலகங்கள் இருக்கும். இரண்டும் மத்திய அரசின் வேளாண் துறையைச் சேர்ந்தவை. ஒன்று இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. 1994 வரை இதன் பெயர் மண் பாதுகாப்புச் சேவை. இன்னொன்று பண்ணைச் சேவை முகமை. பெரிய மானியத் தொகை பெரும்பாலும் இந்த மத்திய அமைப்புகள் வழியாக வருகிறது. உள்ளூரை அறிந்த ஆட்களும், எந்தப் பிரச்சினையை முதலில் கவனிக்க வேண்டும் என்ற ஆலோசனையும் வட்டாரத்திடமிருந்து. வெளியிலிருந்து பார்த்தால் யார் எந்த அலுவலகத்து ஆள் என்றே தெரியாது. விவசாயிக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அதிகம் பேர் விண்ணப்பிப்பது சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டத்துக்கு. 1996 வேளாண் சட்டத்தில் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டு, அதில் 75 சதவீதம் வரை அரசு கொடுக்கும். பத்து வருடத்துக்கும் குறைவான அனுபவம் உள்ள புது விவசாயிகள், முன்னாள் ராணுவத்தினர், வருமானம் குறைந்தவர்கள் போன்றவர்களுக்கு 90 சதவீதம் வரை போகலாம். முன்பணமாகப் பாதி வாங்கும் வசதியும் அவர்களுக்கு உண்டு.

நடைமுறை இப்படிப் போகும். முதலில் பண்ணைச் சேவை முகமையில் நிலத்தைப் பதிந்து பண்ணை எண் வாங்க வேண்டும். பிறகு விண்ணப்பம். எல்லா விண்ணப்பங்களையும் மண் அரிப்பு, நீர் மாசு முதலிய அளவுகோல்களால் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். பணம் தீரும் வரை மேலிருந்து கீழே கொடுத்துக்கொண்டு வருவார்கள். கிடைக்காதவர்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான், அப்படிக் காத்திருப்பவர்கள் நிறைய. தேர்வானால் ஒப்பந்தம், பொறியியல் வரைபடம், வேலை. வேலை முடிந்ததும் பணியாளர் வந்து அளந்து பார்ப்பார். அகலம், ஆழம், சரிவு எல்லாம் வரைபடப்படி இருந்தால்தான் பணம்.

அவசரப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால் பொதுவாகக் காசு கிடைக்காது. ‘எப்படியும் ஓகே ஆகிவிடும், புல்டோசர்காரர் இந்த வாரம்தான் கிடைக்கிறார்’ என்று தொடங்கினால் முழுச் செலவும் சொந்தப் பையிலிருந்துதான்.

வாய்க்கால் வெட்டியதோடு கதை முடிவதில்லை. ஒப்பந்தத்தில் சொன்ன காலம் வரை அதைப் பராமரிக்க வேண்டும். புல் வாய்க்காலை வண்டிப்பாதையாக ஓட்டக் கூடாது. களைக்கொல்லி தெளிக்கும்போது அதன் மேல் வந்ததும் தெளிப்பானை நிறுத்த வேண்டும். கேட்க எளிது, 30 மீட்டர் அகலத் தெளிப்பானை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு தொல்லை. புல் செத்துப்போன வாய்க்கால்களில் கணிசமானவை இந்தச் சின்ன அலட்சியத்தால் செத்தவைதான்.

இன்னொரு வகைத் திட்டமும் உண்டு. 1985இல் வந்த பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில், அரிப்பு அதிகமுள்ள நிலத்தைப் பயிரிலிருந்து எடுத்துப் புல்லோ மரமோ வளர்த்தால், 10 முதல் 15 வருடம் வரை அரசு ஆண்டு வாடகை கொடுக்கும். நிலம் நிலக்காரருடையதாகவே இருக்கும்.

ஏன் அக்கம்பக்கத்தாரின் கையில்?

1930களில் அமெரிக்காவின் தெற்குச் சமவெளியில் வறட்சி. புல்வெளியை உழுது கோதுமை போட்டிருந்தார்கள். மழை பொய்த்ததும் மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. 1934 மே மாதப் புழுதிப் புயல் நியூயார்க் வரை வந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதிப் புயலுக்குக் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே பெயர். அந்த மாதக் கடைசியில், 27ஆம் தேதி, மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அதன்படி வேளாண் துறையில் உருவான சேவைக்குத் தலைவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். வட கரோலினாவில் பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். மண் ஆய்வாளராகப் பல வருடம் சுற்றி, நாட்டின் மேல்மண் கரைகிறது என்று கத்திக்கொண்டே இருந்தவர். வாஷிங்டனில் செனட் குழு முன் அவர் சாட்சி சொல்லும்போது சரியான நேரத்தில் புழுதி மேகம் ஜன்னலுக்கு வெளியே வந்துசேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறிய கதை.

அவருக்கு முன்மாதிரியாக இருந்தது விஸ்கான்சினின் கூன் பள்ளத்தாக்கு. 1933இல் தொடங்கிய முதல் செயல்விளக்கத் திட்டம். செங்குத்தான சரிவுகளில் மேலும் கீழுமாக உழுதுகொண்டிருந்தவர்களோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டு, சம உயரக் கோட்டில் பட்டை பட்டையாகப் பயிர் மாற்றிப் போடவைத்தார்கள். விதை, சுண்ணாம்பு, வேலிக் கம்பி அரசிடமிருந்து. உடலுழைப்புக்கு, வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு நடத்திய முகாம்களின் ஆட்கள். நன்றாக நடந்தது. ஆனால் அப்போது அமெரிக்காவில் இருந்த பண்ணைகள் 68 லட்சம். ஒவ்வொன்றுக்கும் வாஷிங்டனிலிருந்து ஆள் அனுப்ப முடியாது. அனுப்பினாலும் விவசாயிகள் மத்திய அரசு ஆளை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். நில உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையும் அரசியல் சட்டப்படி மாநிலங்களுடையது.

அதற்குக் கண்ட வழிதான் வட்டாரம். வேளாண் துறை உதவிச் செயலர் எம். எல். வில்சனின் யோசனை, வழக்கறிஞர் பிலிப் கிளிக்கின் எழுத்து. மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதி, 1937 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா ஆளுநர்களுக்கும் அனுப்பினார். அதன்படி 25 பேர் மனு கொடுக்க வேண்டும், பொது விசாரணை, பிறகு உள்ளூர் வாக்கெடுப்பு. ஜெயித்தால் ஐந்து பேர் குழு: மூவரை உள்ளூர்க்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள், இருவரை மாநிலம் நியமிக்கும். 1937 ஆகஸ்ட் 4இல் முதல் வட்டாரம் பதிவானது, வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில், பிரவுன் கிரீக் என்ற பெயரில். பென்னட்டின் சொந்த ஊர்ப்பக்கம்.

மாதிரிச் சட்டத்தில், வாக்கெடுப்பு வைத்து நில உபயோக விதிகளைக் கொண்டுவரவும் இடம் இருந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பகுதியை எடுத்துவிட்டன அல்லது பலவீனமாக்கின. வைத்துக்கொண்ட இடங்களிலும் மிகச் சில வட்டாரங்களே பயன்படுத்தின. பக்கத்து வீட்டுக்காரருக்கு விதி போட்டுவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஐவர் குழு இன்றும் தொடர்கிறது. ஒஹாயோவில் ஐவரையும் உள்ளூர் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்று வருடப் பதவி. தேர்தல் பல கவுண்டிகளில் ஆண்டுக் கூட்டத்தோடு சேர்ந்து, சாப்பாட்டோடு நடக்கும். பெரும்பாலும் விவசாயிகள்தான் குழுவில் இருப்பார்கள். இதனால் ஒரு பெரிய வசதி. அலுவலகம் சொன்னால் கேட்காதவர், குழு உறுப்பினரின் வயலில் மூடுபயிர் நன்றாக வந்திருப்பதை ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு விசாரிப்பார். நம் ஊரில் பக்கத்து வரப்பைப் பார்த்து விதை ரகம் மாற்றுவதைப் போலத்தான்.

தகவல் ரகசியமும் இதே காரணத்தால் முக்கியம். மத்தியத் திட்டங்களுக்காக விவசாயி கொடுக்கும் நில விவரங்களை வெளியிடக் கூடாது என்று 2008 வேளாண் சட்டத்தில் தனிப்பிரிவே இருக்கிறது. வட்டாரத்தைக் கூப்பிட்டால் பின்னாலேயே அபராதக்காரர் வருவார் என்ற பயம் வந்துவிட்டால், அடுத்த வருடம் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

நம்பிக்கை மட்டும் போதாத இடங்கள்

கட்டாயம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. 1985 சட்டப்படி, அரிப்பு அதிகமுள்ள நிலத்தில் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் பயிர் செய்தால் வேளாண் உதவித் தொகைகள் நிற்கும். 2014 முதல் பயிர்க் காப்பீட்டு மானியமும் இதில் சேர்ந்தது. ஆனால் அந்தப் பிரம்பு மத்திய அரசின் கையில். வட்டாரம் திட்டம் எழுத உதவும், அவ்வளவுதான்.

நெப்ராஸ்கா ஒரு பெரிய விதிவிலக்கு. 1972இல் அந்த மாநிலம் சிதறிக் கிடந்த 154 சிறு அமைப்புகளைக் கலைத்து, ஆற்றுப்படுகை எல்லைகளை ஒட்டிப் புதிய வட்டாரங்களை அமைத்தது. இப்போது 23 இருக்கின்றன. சொத்து வரி வசூலிக்கலாம், நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தலாம். சில வட்டாரங்களில் பாசனக் கிணற்றுக்கு மீட்டர் உண்டு, ஒரு ஏக்கருக்கு இவ்வளவுதான் என்ற அளவும் உண்டு. ஒகலாலா என்ற பெரிய நிலத்தடி நீர்ப்படுகையின் மேல் உட்கார்ந்திருக்கும் மாநிலத்துக்கு அது தேவைப்பட்டது. விதி போடுவதும் உள்ளூரில் தேர்ந்தெடுத்த ஆட்கள்தான் என்பதால் எதிர்ப்பு இருந்தாலும் தாக்குப்பிடிக்கிறது.

மற்ற இடங்களில் விருப்பமுள்ளவர் வருவார், இல்லாதவர் வரமாட்டார். மோசமாக அரிக்கும் வயல் பெரும்பாலும் வராதவருடையதாக இருக்கும் என்பதுதான் வேதனை. பணத்தை நம்பிய ஏற்பாடும் சந்தையோடு ஆடும். பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில் 2007இல் 3.68 கோடி ஏக்கர் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியது, ஒப்பந்தம் முடிந்தவர்கள் புல்லை உழுதார்கள். மத்திய அரசும் உச்சவரம்பைக் குறைத்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய 2.4 கோடி ஏக்கருக்கு வந்துவிட்டது.

குத்தகை இன்னொரு முடிச்சு. அமெரிக்க விவசாய நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குத்தகையில் இருக்கிறது. ஒரு வருடக் குத்தகைக்காரர் பத்து வருடம் கழித்துப் பலன் தரும் வேலைக்கு ஏன் கைக்காசு போட வேண்டும்? நில உரிமையாளரோ வேறு மாநிலத்தில் இருக்கலாம், அப்பா விட்டுப்போன நிலமாக இருக்கலாம், வயலைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்றே நினைவிருக்காது. குத்தகைப் பத்திரத்திலேயே மூடுபயிர், புல் வாய்க்கால் பராமரிப்பு பற்றி எழுதிக்கொள்ள இப்போது சில வட்டாரங்கள் உரிமையாளர்களுக்கும் தனியாக வழிகாட்டுகின்றன. நல்ல வேலை, மெதுவான வேலை.

ஒஹாயோவில் இந்த மெதுவின் விலை 2014 ஆகஸ்டில் தெரிந்தது. மாமீ ஆறு வழியாக வயல்களின் பாஸ்பரஸ் ஈரி ஏரிக்குப் போகிறது. அதைத் தின்று பாசி பெருகி நச்சை விட்டது. டொலீடோ நகரத்துக் குழாய்நீரைச் சுமார் மூன்று நாள் குடிக்க முடியாமல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தவித்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் சட்டம் போட்டது: அந்தப் படுகையில் உறைந்த நிலத்திலும் ஊறிய நிலத்திலும் எருவோ உரமோ தூவுவதற்குக் கட்டுப்பாடு. 2019இல் தொடங்கிய ஹெச்2ஒஹாயோ திட்டத்தில் உரத்தை அளந்து போடுவதற்கும் மண்ணுக்குள் வைப்பதற்கும் விவசாயிகளுக்குப் பணம் தரப்படுகிறது. விவசாயிகளோடு உட்கார்ந்து கையெழுத்து வாங்குவது யார்? பழையபடி வட்டார அலுவலகம்தான். சட்டம் மாநிலத்துடையது, பேச்சு வட்டாரத்துடையது என்ற இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்த காலத்தில் ஏரி பச்சையானது.

ஐந்து ஏக்கர்காரர்களுக்கு

பெரிய பண்ணை இருந்தால்தான் போக வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் ஊருக்கு வெளியே நாலைந்து ஏக்கரோடு வீடு வாங்கும் நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது. கொல்லைப்புறத்தில் ஓடை கரையை அரிக்கிறதா, குட்டை கட்டலாமா, வாங்கப்போகும் நிலத்தின் மண் எப்படிப்பட்டது என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் கிடைக்கும். மண் வரைபடம் மத்திய வேளாண் துறையின் இணையதளத்தில் இலவசம்; அதைப் படிக்கத் தெரியாவிட்டால் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். உழாமல் விதைக்கும் இயந்திரத்தைச் சில வட்டாரங்கள் ஏக்கர் கணக்கில் வாடகைக்கும் விடுகின்றன. மேல்மண் மூடாமல் கிடக்கும் புதுவீட்டு மனையில் மழைக்கு மண் ரோட்டுக்கு வந்தால், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் கட்டுமானத் தளங்களைப் பரிசோதிப்பதும் இதே அலுவலகம். அங்கே மட்டும் கொஞ்சம் கறாராக இருப்பார்கள்.

பல வட்டாரங்கள் வருடம் ஒருமுறை மரக்கன்றுகள் விற்கும். ஓக், பைன், டாக்வுட் என்று உள்ளூர் இனங்கள், வேரில் மண் இல்லாமல் கட்டுக் கட்டாக, கடைவிலையைவிட நன்றாகக் குறைவாக. குளிர்காலத்தில் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். வசந்தத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் போய் எடுத்துக்கொள்ளலாம். வேர் காய்ந்துவிடும் என்பதால் அன்றோ மறுநாளோ நட்டுவிடுங்கள்.